பைப் பெண்டருக்கு இரண்டு துண்டுக் கைப்பிடி

மண்டபம் ஊரில் இருந்துகொண்டு ராமேஸ்வரம் தீவில் ஒயரிங் வேலை எடுப்பவர்களுக்கு, மின்கம்பி ஓடும் குழாய்களை வளைக்கும் பைப் பெண்டரின் கைப்பிடி நீளம் எப்போதுமே ஒரு தொல்லைதான். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்படும் வரை, நாங்கள் கருவிகளுடன் சாலைப் பாலத்தின் வழியாகவே போய் வந்தோம். பேருந்தில் ஏறினால் நாலடிக் கைப்பிடிக் குழாயை எங்கே வைப்பது என்று நடத்துநர் முகம் சுளிப்பார். இருசக்கர வண்டியில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போனால், பாலத்தின் நடுவில் கச்சான் காற்று பக்கவாட்டில் அறையும்போது அந்தக் குழாயே வண்டியைத் திருப்பப் பார்க்கும். கழற்றி மாட்டும் கைப்பிடி ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பயணங்களில் உருவானது.

வீடுகளில் இப்போது எல்லாம் பிவிசி குழாய்தான். அதை வளைக்க உள்ளே ஸ்பிரிங் செருகினால் போதும். ஆனால் ஐஸ் பிளாண்ட், இறால் பதப்படுத்தும் கூடம், மோட்டார் அறை போன்ற இடங்களில், பெட்டியோ தள்ளுவண்டியோ இடித்தாலும் தாங்க வேண்டும் என்பதற்காக இரும்புக் கண்டியூட் குழாய் கேட்கிறார்கள். பெரும்பாலும் 20, 25 மில்லிமீட்டர் குழாய்கள்; சுவர்த் தடிமன் 1.6 மில்லிமீட்டர். கைப்பிடியின் அடியில் இருக்கும் வளைந்த வார்ப்புத் தலையை ஷூ என்போம்; அதற்குள் குழாயை வைத்து, காலால் மிதித்துக்கொண்டே கைப்பிடியை இழுக்க வேண்டும்.

முதலில் எல்லாரையும் போல நானும் மரையைத்தான் நினைத்தேன். கைப்பிடியை மூன்று துண்டாக வெட்டி, முனைகளில் மரை போட்டு, குழாய்க் கடையில் கிடைக்கும் சாக்கெட்டை இடையில் முறுக்கினால் வேலை முடிந்தது என்று எண்ணி அப்படியே செய்தும் விட்டேன். இரண்டாம் மாதம், தங்கச்சிமடத்தில் ஒரு கூடத்தில் 25 மில்லிமீட்டர் குழாயை வளைத்துக்கொண்டிருந்தபோது, கீழ் இணைப்பில், சாக்கெட்டுக்கு வெளியே தெரிந்த மரையில் கைப்பிடி முறிந்தது. மேல் துண்டு கையோடு வந்துவிட, நான் மல்லாந்து விழுந்தேன். தாடையில் மூன்று தையல். குற்றம் சொல்ல வேறு ஆள் இல்லை, வெட்டியதும் மரை போட்டதும் நானேதான்.

வீட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில்தான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கைப்பிடிக்கு எடுத்தது பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்) ஒரு அங்குல ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அதன் வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 3.2. அங்குலத்துக்கு 11 மரை என்ற அளவில் வெட்டும்போது மரையின் ஆழம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஆகவே மரையின் அடியில் மிஞ்சுவது பாதிச் சுவர்தான். அதோடு நிற்பதில்லை. வெட்டிப்போனது வெளிப்புற உலோகம். வளைவைத் தாங்குவதில் மையத்திலிருந்து தள்ளியிருக்கும் உலோகத்துக்கே பங்கு அதிகம். எனவே முழுக் குழாயில் 2,100 கன மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருந்த வெட்டுமுகக் குணகம் (வளைவைத் தாங்கும் திறனின் அளவு), மரையடியில் 930 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மரைப்பள்ளத்தின் கூர்மை விரிசலுக்கு வழி திறந்து வைப்பது தனி.

இனி எவ்வளவு விசை வருகிறது என்பது. 25 மில்லிமீட்டர் குழாயை நிரந்தரமாக வளைக்க, சாதாரண இரும்பின் பலத்தை வைத்துப் பார்த்தால், 220 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் திருகுவிசை வேண்டும். 1.1 மீட்டர் கைப்பிடியின் நுனியில் 200 நியூட்டன், அதாவது 20 கிலோ இழுப்பு, அதற்குச் சரியாக இருக்கும். மிதிக்கும் கால் இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அவசரத்தில் வெடுக்கென்று இழுத்தால் இதுவே இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. இந்த வளைவு விசை கைப்பிடி முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கை பிடிக்கும் இடத்தில் சுழியம், ஷூவை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போகும். நான் மரை போட்ட கீழ் இணைப்பு ஷூவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பலவீனமான இடத்தைக் கொண்டுபோய் அதிகப் பாரம் வரும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

மரையைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு, அது இந்தக் கரைக்கே உரியது. மண்டபத்தில் உப்புக்காற்று வெட்டிய மரையைச் சும்மா விடாது. பைப்புக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. மரை வெட்டும்போது அந்தப் பூச்சும் சேர்ந்து போய்விடுவதால் பச்சை இரும்பு வெளியே தெரிகிறது. ஒரு வாரம் கழற்றாமல் விட்டால் இரண்டு பைப் ரிஞ்சு போட்டுத்தான் திறக்க வேண்டும். உலோக அரிப்பை ஆராயும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், தன் சோதனை நிலையம் ஒன்றை மண்டபத்தில் வைத்திருப்பது வீணுக்காக அல்ல.

ஆகவே புதிய வடிவத்தில் மூன்று துண்டை இரண்டாகக் குறைத்தேன். கீழ்த்துண்டு 400 மில்லிமீட்டர், அது ஷூவிலேயே நிரந்தரமாக இருக்கும், மேல்துண்டு 700. ஷூவுக்குள் போகும் முனையில் மட்டும் மரை உண்டு, அதிலும் ஒரு மரைகூட வெளியே தெரியாதபடி முழுவதும் உள்ளே இறக்கியிருக்கிறேன். இணைப்பில் வரும் வளைவு விசை இப்போது 140 நியூட்டன் மீட்டர்தான். மூன்று துண்டானால் பை சிறிதாகும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வோர் இணைப்புக்கும் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இரும்பு கூடும், ஆட்டமும் ஒரு மடங்கு சேரும்.

இணைப்புக்கு 160 மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் உள்தண்டு. அதில் பாதி கீழ்த்துண்டுக்குள் வெல்டிங்கால் நிலைநிறுத்தப்பட்டு, மறுபாதி மேல்நோக்கி நீண்டிருக்கும்; மேல்துண்டு அதன்மீது தொப்பி போல வந்து உட்காரும். இதைத் தலைகீழாகச் செய்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி வைத்திருந்தால், மழைநீரும் கடற்கரை மணலும் உள்ளேயே தங்கும்.

தண்டின் விட்டம் எவ்வளவு என்பதில்தான் லேத் மாஸ்டருக்கும் எனக்கும் அரை நாள் வாதம். பைப்பின் உள்விட்டம் 27.3. “இறுக்கமாப் போட்டுத் தர்றேன், ஆட்டமே இருக்காது தம்பி” என்றார் அவர். இறுக்கமாகப் போட்டால் துரு பிடித்த மறுநாளே இரண்டும் ஒன்றாகிவிடும் என்பது என் பயம். தளர்வாக விட்டாலோ கைப்பிடி நுனியில் ஆட்டம் தெரியும். வளைக்கும்போது கைப்பிடியின் சாய்வைப் பார்த்தே கோணத்தைக் கணிக்கும் பழக்கம் உள்ளவனுக்கு அது எரிச்சல். கடைசியில் இப்படி முடிவானது. தண்டின் வேர்ப்பக்கத்திலும் நுனிப்பக்கத்திலும் 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு மட்டும் 26.9 விட்டம் இருக்க, நடுப்பகுதியை 25.5க்குக் கடைந்து எடுத்தோம். உரசும் பரப்பு பாதியாகிவிட்டது. கடைந்த பள்ளத்தில் கிரீஸ் தங்குகிறது. நுனியில் ஆட்டம் மூன்று நான்கு மில்லிமீட்டர், அதற்கு நான் உடன்பட்டுவிட்டேன். பைப்பின் உட்புறம் நீளவாக்கில் ஓடும் வெல்டிங் தழும்பை அரத்தால் ராவி எடுக்காமல் இந்த அளவுகளுக்கு அர்த்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் போனது.

துண்டுகள் கழன்று வராமலிருக்க, குறுக்காகச் செருகும் 8 மில்லிமீட்டர் பின் (ஆணி) ஒன்று. ஊன்றுகோலில் வருவதுபோன்ற ஸ்பிரிங் பொத்தானை முதலில் நினைத்து, இந்த உப்பில் ஸ்பிரிங் எத்தனை நாள் உழைக்கும் என்று யோசித்து விட்டுவிட்டேன். பின்னுக்கான துளையை இழுக்கும் பக்கத்திலோ அதற்கு எதிர்ப்பக்கத்திலோ போடக்கூடாது. அங்கேதான் இரும்பு அதிகமாக இழுபடுகிறது, நசுங்குகிறது. இடமும் வலமுமான பக்கவாட்டில் நடுக்கோட்டில் வளைவின் தகைவு ஏறத்தாழ இல்லை. துளை அங்கே இருந்தால் கைப்பிடிக்குத் தெரியவே தெரியாது. பெண்டரைத் தலைகீழாக நிறுத்தி, கைப்பிடியைத் தரையில் ஊன்றி வளைப்பவர்களும் உண்டு. அப்போதும் பாரம் பின்மேல் விழாமல் குழாய் முகத்தோடு முகம் மோதி இறங்கும்படி, இரண்டு முகங்களையும் லேத்தில் நேராக வெட்டிக்கொண்டோம்.

இவ்வளவு பார்த்தும் ஒன்றைத் தவறவிட்டேன். ஒரு மாதம் கழித்து மேல்துண்டின் வாய் மெல்ல நீள்வட்டமாகியிருந்தது. 140 நியூட்டன் மீட்டரை 60 மில்லிமீட்டர் இடைவெளியில் தண்டின் இரண்டு தடித்த பகுதிகள் தாங்கும்போது, ஒவ்வொன்றின் மீதும் 2,300 நியூட்டன், அதாவது 230 கிலோவுக்கு மேல், விழுகிறது. மெல்லிய குழாயின் திறந்த விளிம்பு அதற்கு ஈடுகொடுக்காது. வாயைச் சுற்றி 20 மில்லிமீட்டர் அகலத்தில் தடித்த வளையம் ஒன்றை வெல்டிங் செய்து, எரிந்துபோன பூச்சுக்குப் பதிலாகத் துத்தநாகப் பெயிண்ட் அடித்த பின் அது நின்றது.

இப்போது அது தோள்பையில் அடங்குகிறது. ஐஸ் பிளாண்டில் சுவர் ஓரமாக முழுக் கைப்பிடியைச் சாய்க்க இடமில்லாத மூலையில், மேல்துண்டுக்குப் பதிலாக 300 மில்லிமீட்டர் துண்டு ஒன்றை மாட்டி வேலை பார்க்கிறேன். 20 கிலோ இழுப்பு அங்கே 32 கிலோவாகிறது, அதை உடம்பு சொல்லிவிடும். பின்னைச் சங்கிலியால் கைப்பிடியோடு கட்டி வைத்திருக்கிறேன். உதவிக்கு வரும் பையன் இதுவரை இரண்டு பின்களைக் கடலோர மணலில் தொலைத்துவிட்டான்.