முனியாண்டி கோயிலில் மஞ்சள் தண்ணீர்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து செம்பனைக் காட்டுக்குள் பிரியும் மண்சாலையின் முடிவில், என் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்தின் மாரியம்மன் கோயில் இன்றும் நிற்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, குடும்பங்கள் தாமான்கள் எனும் பட்டணத்துக் குடியிருப்புகளில் குடியேறிவிட்டன. ஆனாலும் திருவிழா என்றால் எல்லோரும் வந்து சேர்ந்துவிடுகிறோம். இந்த ஆண்டு கிள்ளானிலிருந்து அத்தையை அழைத்துக்கொண்டு புறப்பட்டபோது, நெடுநாளாக என்னை அரித்துக்கொண்டிருந்த ஒரு கேள்வியும் கூடவே வந்தது. மாமிசம் உண்பவருக்கு மெய்ஞ்ஞானம் கிட்டுமா?

நான் மச்சம், அதாவது மாமிசம், விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு வள்ளலாரே காரணம். 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி அணையா அடுப்பை மூட்டிய அந்த மகான், 1872-இல் வழிபாடு தொடங்கிய ஞானசபைக்குள் கொலையும் புலையும், அதாவது புலால் உண்பதும், தவிர்த்தவர்களே புக வேண்டும் என்று விதித்தார். பசி என்று வந்தவர் புலால் உண்பவராயினும் அவருடைய பசியை ஆற்ற வேண்டும் என்று சொன்னவரும் அவரேதான். முதல் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்ட நான், இரண்டாவதை அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை.

காப்புக் கட்டிய நாள் முதல் அம்மனுக்கு எல்லாம் சைவம்தான். மாவிளக்கும் பொங்கலும் தீமிதியும் முடிந்து மஞ்சள் நீராட்டும் ஆன பிறகு, எல்லையில் ஆலமரத்தடியில் இருக்கும் முனியாண்டிக்குக் கிடா வெட்டுவார்கள். அந்த நேரத்தில் அம்மன் சந்நிதியில் திரை போட்டுவிடுவது வழக்கம். ஒரே ஊர், ஒரே மக்கள், இரண்டு சந்நிதிகள். நடுவில் ஒரு துணித்திரை. என் கேள்விக்கான விடை அந்தத் திரைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல்தான் ஆலமரத்தடிக்குப் போனேன்.

கருப்புக் கிடா. கழுத்தில் போட்டிருந்த மாலையின் ஓரத்தை அது நிதானமாக மென்றுகொண்டிருந்தது. பூசாரி செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் தெளித்தார். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் உத்தரவு கிடைத்ததாகப் பொருள். அது சிலுப்பவில்லை. இரண்டாவது முறை தெளித்தபோதும் மென்றுகொண்டே நின்றது. உடுக்கைச் சத்தம் நின்றது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை தண்ணீர் காதுக்குள் வழியவும், தலையிலிருந்து வால் வரை ஒருமுறை சிலிர்த்து உதறியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

படையல் முடிந்ததும் பூசாரியின் அருகில் போய் உட்கார்ந்தேன்.

“அது உத்தரவு தரலேன்னா என்ன செய்வீங்க, ஐயா?”

“அவுத்து வுட்டுருவோம், தம்பி. ரெண்டு தடவ வுட்டுருக்கேன். கேக்காம வெட்டுனா அது கொலையில்ல?”

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. மச்சம் உண்ட காலத்தில் நான் கிள்ளான் பேரங்காடியில் நெகிழித்தாள் சுற்றிய தட்டில் கோழி வாங்கியவன்; எந்த உயிரிடமும் எதையும் கேட்டவன் அல்லன். தின்பவர் இல்லையென்றால் விலைக்கு ஊன் தருபவரும் இரார் என்று வள்ளுவர் சொன்னது என்னைப் போன்றவர்களை நோக்கித்தான். உயிர் அந்த ஆட்டினுடையது என்று தெரிந்தவர்தானே அதனிடம் உத்தரவு கேட்பார்! அந்த அறிவு உள்ள இடத்தில் அருளுக்கான விதையும் உண்டு என்றே நான் நம்புகிறேன்.

வள்ளுவர் புலால் மறுத்தலை 26-ஆம் அதிகாரமாக வைத்தார்; அதற்கு முன் அருளுடைமை, பின் தவம், இன்னும் தள்ளி 36-இல் மெய்யுணர்தல். இவை யாவும் துறவறவியலில் இருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அருள் முதலில் வருகிறது. அது முதிரும்போது ஊன் உதிர்கிறது. ஊனை மட்டும் விட்டுவிட்டு அருளுக்காகக் காத்திருந்த நான் அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருந்தேன்.

கண்ணப்ப நாயனாரைச் சொல்லி மாமிசத்தை நியாயப்படுத்துபவர்கள் உண்டு. காளத்தியில் அவர் மென்று சுவைபார்த்துப் படைத்த இறைச்சியைச் சிவபெருமான் ஏற்றது உண்மைதான். ஆனால் ஆறாம் நாள் தம் கண்ணையே அம்பால் தோண்டி அப்பினாரே, அதையல்லவா முதலில் பேச வேண்டும்? கண்ணப்பன் போன்ற அன்பு தமக்கு இல்லையே என்று மாணிக்கவாசகரே ஏங்கியிருக்கிறார்.

என் பாட்டி ஆண்டுதோறும் இதே முனியாண்டிக்குச் சேவல் கொடுத்தவர். அடுத்த லயத்துப் பிள்ளைக்கு அம்மை போட்டபோது, விடிய விடிய வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே பால்வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போனவர். அவரை இறைவன் தள்ளிவைத்திருப்பான் என்று சொல்ல எனக்கு நா எழாது. அதே வேளையில், ஓர் உயிரின் வலியைத் தன் வலியாக உணர்ந்துவிட்டவருக்குக் கத்தியை எடுக்க மனம் வராது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. எனக்கு அது வாய்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதை நோக்கியே நோன்பு இருக்கிறேன்.

புறப்படும்போது பூசாரி எனக்கென்று திருநீறும் வாழைப்பழமும் தேங்காய்மூடியும் எடுத்து வைத்திருந்தார். அத்தை, தாமானில் படுத்த படுக்கையாக இருக்கும் தம் பழைய லயத்துத் தோழிக்காகப் படையல் கறியைத் தூக்குச்சட்டியில் வாங்கி வந்தார். மண்சாலையில் கார் குலுங்கும், சட்டி கவிழ்ந்துவிடும் என்றார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தாமான் வரும்வரை அதன் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் இறங்கிக்கொண்டே இருந்தது.