ரப்பி வந்து பாய்லர் குழாயைத் தேடின கதை (கோஷர் சர்டிபிகேட் அனுபவம்)

பொள்ளாச்சி பக்கம் ஒரு தேங்காய்ப்பால் யூனிட்ல குவாலிட்டி பாக்கறேங்க. கோஷர், அதாவது யூத மத உணவு விதிப்படி செஞ்சதுங்கற சர்டிபிகேட், இருந்தாத்தான் ஆர்டர்னு அமெரிக்கா பையர் சொல்லிட்டாரு, அதுக்கப்புறம்தான் அதைப் பாக்க வர்ற யூத மத ஆசானான ரப்பின்னா யாருன்னே எனக்குத் தெரிஞ்சுது.

முதல்ல பேப்பர் வேலை. உள்ள போற ஒவ்வொரு பொருளும் யார்கிட்ட வாங்கறோம், எதுல இருந்து செஞ்சதுன்னு எழுதிக் கொடுக்கணும். பச்சைப் புள்ளி போதும்னு நெனச்சேன், போதாது. நாங்க செய்யற தேங்காய்ப்பால் பவுடர்ல சேர்க்கற சோடியம் கேசினேட் பால்ல இருந்து வர்றது, அதைச் செய்யறவங்களுக்கும் கோஷர் வேணும், எமல்சிஃபையர் (எண்ணெயும் தண்ணியும் பிரியாம வைக்கற பொருள்) தாவர எண்ணெயா மிருகக் கொழுப்பான்னு சப்ளையர் லெட்டர் வேணும், இதுக்கே ரெண்டு மாசம் ஓடிருச்சு.

ரப்பி ஒரு புதன்கிழமை வந்தாரு. வெள்ளி பொழுது சாஞ்சா சனி ராத்திரி வரைக்கும் சப்பாத், யூதங்களோட ஓய்வு நாள், அவங்க பயணம் பண்ணமாட்டாங்க, தேதி போடும்போதே பாத்துக்கங்க. ஏதாவது ஜெபம் பண்ணுவீங்களான்னு எங்க ஆளு ஒருத்தர் கேட்டாரு. நான் பூசாரி இல்ல, ரப்பின்னா ஆசான், சட்டம் படிச்சவன், பாக்கத்தான் வந்திருக்கேன்னாரு.

நிஜமாவே பாத்தாருங்க. பாய்லர் ரூம்ல அந்த அனல்ல நின்னு ஒரு குழாயைக் கையால காட்டிக்கிட்டே பின்னாடியே போனாரு. பால் பொருள் சேர்ந்த பவுடர் லைனைச் சூடாக்கின ஸ்டீம் தண்ணியாகி திரும்ப பாய்லருக்கே வருது, அதே பாய்லர் ஸ்டீம்தான் சுத்த தேங்காய்ப்பால் லைனுக்கும் போகுது. நாங்க வருஷக்கணக்கா ஓட்டற பிளான்ட், எங்களுக்கே அது ஒரு விஷயமாத் தோணல. தேங்காய்ப்பாலுக்கு பரேவ், அதாவது பாலோ இறைச்சியோ கலக்காததுன்னு கேட்டிருந்தோம். தரலாமான்னு கேட்டதுக்கு, இதை நான் ஒருத்தனே சொல்லக்கூடாது, ஆபீஸ்ல மூத்த ரப்பிங்க கூடிப் பேசித்தான் முடிவு சொல்லணும்னாரு. தாடியெல்லாம் நரைச்ச மனுஷன், அத்தனை படிச்சவரு, சந்தேகம்னு வந்தா தனியா தீர்ப்பு சொல்லாம இன்னும் நாலு பேரைக் கேக்கறாரே, அந்த எடத்துல அவர் மேல பெரிய மரியாதை வந்துச்சு.

மூணு வாரத்துல பதில் வந்துச்சு. பவுடர், பால் கலந்த வகைன்னு சொன்னாங்க. தேங்காய்ப்பாலுக்கு பரேவ் வேணும்னா பவுடர் லைன் தண்ணியை டிரெயின்ல விடணும், திரும்ப பாய்லருக்குப் போகக்கூடாது. ரெண்டுக்கும் பொதுவா இருக்கற டேங்கை 24 மணி நேரம் சும்மா போட்டு, அப்புறம் கொதிதண்ணி வழியற வரைக்கும் காய்ச்சணும். அதுக்கும் அவரே வந்து, விளிம்புல தண்ணி பொங்கி நாலு பக்கமும் வழியறதைக் கண்ணால பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு.

சர்டிபிகேட் ஒரு வருஷத்துக்குத்தான். நடுவுல சொல்லாமயும் வருவாங்க, புது பொருள் எது வாங்கினாலும் அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்குங்க.