மதிப்பெண்ணும் மருத்துவச் செலவும்

மனநலச் சிகிச்சைக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு செலவாகும் என்பதை நோயாளிகளின் மதிப்பீட்டுப் படிவங்களைக் கொண்டே கணித்துவிடலாம் என்ற எண்ணம் நிதித் திட்டமிடுவோரை எளிதில் ஈர்க்கிறது. நோயின் பெயரை மட்டும் வைத்துக் கணிப்பது அதிகம் உதவுவதில்லை. மனச்சிதைவு நோய் உள்ள இருவரில் ஒருவர் மாத்திரைகளோடு வேலைக்குச் சென்றுவருவார், மற்றவர் மாதக்கணக்கில் உள்நோயாளியாக இருப்பார்.

மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, உச்சம் 27. தூக்கமின்மை, சோர்வு, பசியின்மை போன்றவற்றால் 14 பெற்றவரும், தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 3 எனக் குறித்து அதே 14 பெற்றவரும் கூட்டுத்தொகையில் சமமே. ஆனால் இரண்டாமவருக்குத் தேவைப்படும் கண்காணிப்பும் அதற்கான செலவும் வேறு. மனநல நோயாளியின் நிலையைச் சிகிச்சை அளிப்போர் மதிப்பிடுவதற்காகப் பிரிட்டனில் உருவான ஹோனாஸ் அளவுகோலின் 12 கூறுகளில் உறவுகள், அன்றாடச் செயல்பாடு, வாழிடச் சூழல் ஆகியனவும் இடம்பெறுவதால், செலவைப் பொறுத்தவரை அதுவே கூடுதல் பொருத்தமானதாக எனக்குத் தோன்றுகிறது. (போக வீடில்லாதவரை வார்டிலிருந்து அனுப்புவது எளிதல்லவே!)

செலவு எல்லோரிடமும் சீராகப் பரவியிருப்பதுமில்லை. அதன் பெரும்பகுதி மருத்துவமனையில் தங்கும் சிலரிடமே குவிவதால், சராசரியை ஒட்டிச் செல்லும் கணிப்பு அவர்களைத் தவறவிடும். முந்தைய ஆண்டின் சேர்க்கை விவரங்களையும் மதிப்பெண்ணோடு இணைத்தாக வேண்டும். மதிப்பெண்ணை வைத்தே நிதி ஒதுக்கினால், நோயாளியின் நிலையைச் சற்று மோசமாகக் குறிக்கும் ஆசை படிவம் நிரப்புவோருக்கு எழக்கூடும் என்பதால், சிகிச்சையில் பங்கில்லாத ஒருவர் அவ்வப்போது சில படிவங்களைச் சரிபார்ப்பது அவசியம் என்றே கருதுகிறேன்.