ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் போதுமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரை, அவருடன் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் தப்பவில்லை. அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது, பெயரின் அகர வரிசைப்படியே உட்கார வைக்க வேண்டும் என்ற அதன் பரிந்துரைகள் எங்கள் ஆசிரியர் அறையில் பல நாள் விவாதிக்கப்பட்டன.

அவை தேவையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கேட்டுக்குள் நுழையும்போது சட்டைப்பைக்குள் போகும் கயிறு, மாலையில் பேருந்து ஏறுவதற்குள் மணிக்கட்டுக்குத் திரும்பிவிடுகிறது; அகர வரிசையில் அமர்ந்தவர்கள் மதிய மணி அடித்ததும் தெருவாரியாகப் பிரிந்துதான் சாப்பிடுகிறார்கள்.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளிலும் இதே சிக்கல் இருந்தது. வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளை ஒரே வகுப்பில் சேர்த்ததும் சண்டைகள் மூண்டன. சமூக உளவியலாளர் எலியட் ஆரோன்சன் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, கலந்து அமைந்த சிறு குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். ஒரே துண்டைப் பெற்றவர்கள் வெவ்வேறு குழுக்களிலிருந்து வந்து கூடிப் பேசித் தெளிந்தபின், தத்தம் குழுவுக்குத் திரும்பி அதைக் கற்பிக்க வேண்டும். தேர்வோ முழுப் பாடத்திலிருந்தும் வரும் என்பதால், திக்கித் திக்கிப் பேசுபவனைக் கேலி செய்தால் நட்டம் கேலி செய்தவனுக்கே.

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தை நான் இப்படி நடத்தினேன். கேட்டால் மட்டுமே வாய் திறக்கும் காலனிப் பையன் ஒருவனுக்குப் பேர்ல் துறைமுகத் தாக்குதல் பகுதி வந்தது. அவன் பாதியில் நிறுத்தியபோது, வழக்கமாக அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத ஒருவன், “டேய், அப்புறம் என்னாச்சு, சொல்லுடா” என்றான். அதை நட்பென்று சொல்லிவிட மாட்டேன். தேவை என்றே சொல்வேன். ஆனாலும் அவனிடம் கேட்க வேண்டிய தேவை அதற்கு முன்பு வந்ததே இல்லை.

அரசுப் பள்ளிகளில் 2024இல் தொடங்கிய மகிழ் முற்றம், மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாக்குகிறது. ஊரும் தெருவும் பாராமல் கலந்து அமைத்தால், சாதிக்கு வெளியே ஓர் அணி என்பது பிள்ளைகளுக்குக் கிடைக்கும். வெறும் மதிப்பெண் பலகையாகவும் விளையாட்டு விழா அணிவகுப்பாகவும் அது சுருங்காதிருக்க, குழுக்கள் சேர்ந்து வேலை செய்ய வாரம் ஒரு பாடவேளையாவது வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கும் ஜனவரியில், சிறப்பு வகுப்புக்கென்று முதலில் பறிபோவது அந்தப் பாடவேளைதான்.