சீ கேட்டில் வாயடைத்துப் போனவர்

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் ரோலர் கோஸ்டரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் இருப்பது அந்தக் கூச்சலிலிருந்து கொஞ்சம் தள்ளி, வாடகை கட்டுப்படியாகும் பக்கம். அங்கிருந்து மேற்கே நடந்தால் ஓரிடத்தில் வேலியும் கேட்டும் வந்து வழியை மறிக்கும். அதற்கு அப்பால் சீ கேட். உள்ளே வீடு இருப்பவர்களும் அவர்களுடைய விருந்தாளிகளும் மட்டும் போகலாம், நம்மைப் பார்த்தால் காவலாளி தலையை ஆட்டிவிடுவார். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் எழுதியவர், 1935இல் போலந்திலிருந்து வந்திறங்கிய ஐசக் பாஷவிஸ் சிங்கர் முதலில் அந்த வேலிக்கு உள்ளேதான் அறை எடுத்துத் தங்கினார் என்பது தெரிந்த பிறகு, வந்த புதிதில் அவருக்கு என்னதான் ஆனது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நோபல் வாங்கிய சிங்கரை எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது அதற்கு நாற்பது வருடம் முந்தைய சிங்கர். சுற்றுலா விசாவில் வந்தவர். ஐந்து வயது மகனையும் மகனின் தாயையும் விட்டுவிட்டு வந்தவர். நிரந்தரமாகத் தங்குவதற்கு அவரும் கனடா போய், டொரண்டோவில் விசா வாங்கித் திரும்ப வேண்டியிருந்தது (விசா ஸ்டாம்பிங்குக்காகக் கனடா ஓடிய நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் முகம் மலரும்). அண்ணன் இஸ்ரேல் ஜோஷுவா ஒரு வருடம் முன்னாலேயே வந்து, யித்திஷ் நாளிதழான ஃபோர்வெர்ட்ஸில் எழுதிப் பெரிய பெயர் வாங்கியிருந்தார். தம்பிக்கும் அங்கே இடம் கிடைத்தது. ஒரு தொடர்கதை போட்டார்கள், எடுபடவில்லை. அப்புறம் பல வருடங்கள் அவருக்குக் கதையே வரவில்லை. கட்டுரை, துணுக்கு, புனைபெயரில் இன்னும் என்னென்னவோ எழுதி வயிற்றைக் கழுவினார். கதை மட்டும் வரவில்லை.

இத்தனைக்கும் கதை இல்லாத வீட்டிலிருந்து வந்தவர் இல்லை. வார்சாவில் க்ரோக்மல்னா தெரு 10ஆம் எண் வீட்டில் அப்பா பின்ஹாஸ் மெனாஹெம் ரபி, அதாவது யூத மதகுரு. ஏழைகள் வாழ்ந்த தெரு. வீட்டு முன்னறைதான் மன்றம். விவாகரத்து, பங்காளிச் சண்டை, கறிப் பாத்திரத்தில் பால் சிந்தினால் தீட்டா இல்லையா, எல்லாம் அங்கே வரும். பையன் ஒளிந்து நின்று கேட்பான். அந்த வீட்டிலிருந்து மூன்று பேர் எழுத வந்தார்கள், அண்ணன், அக்கா எஸ்தர், இவர். பையனாக இருந்தபோது பார்த்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். ஒரு பெண் அலறியடித்துக்கொண்டு வருகிறாள், கூடையில் இரண்டு வாத்து, தலை அறுத்து குடலும் எடுத்தாகிவிட்டது, ஆனாலும் ஒன்றை இன்னொன்றின் மேல் அடித்தால் கத்துகிறது. மேசைமேல் போட்டு அடித்துக் காட்டுகிறாள், கத்துகிறது. அப்பாவின் முகம் வெளுக்கிறது, ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், இதோ பார், கடவுள் இல்லை என்கிறவர்களுக்குப் பதில்! அம்மா பத்ஷேபா வந்தாள். மூச்சுக்குழாயை எடுத்தாயா என்று கேட்டாள். இல்லையாம். இரண்டின் கழுத்துக்குள்ளும் விரலை விட்டுப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இப்போது அடி என்றாள். சத்தம் இல்லை. அம்மாவுக்குச் சிரிப்பு. அப்பா மகனிடம் முணுமுணுத்தது இன்னும் அருமை: உன் அம்மா அவள் அப்பாவைக் கொண்டிருக்கிறாள், பில்கொராய் ஊர் ரபி, மகா பண்டிதர், ஆனால் ஈரமில்லாத பகுத்தறிவுக்காரர், கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்கு எச்சரிக்கை செய்தார்கள்.

சிங்கர் எழுதிய எல்லாக் கதையிலும் இந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பேயை நம்பும் ஒருவர், பேயின் கழுத்தில் விரலை விட்டுப் பார்க்கும் இன்னொருவர். ஆசாமி அம்மா பெயரிலிருந்துதான் பாஷவிஸ் என்பதையே எடுத்துக்கொண்டார்.

1943இல், எழுத்து மெல்லத் திரும்பி வந்த சமயத்தில், ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க வாழ்க்கையை யித்திஷில் எழுத முடியாது, இங்குள்ளவர்கள் பேசும் யித்திஷ் ஆங்கிலம் கலந்து சீர்கெட்டுவிட்டது, எழுதுவதானால் பழைய போலந்து வாழ்க்கையைத்தான் எழுத வேண்டும் என்று. இதைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. ஆபீஸில் நாள் முழுக்க ஒரு மொழி, வீட்டுக்கு வந்து ராத்திரி இன்னொரு மொழியில் எழுத உட்காருகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? அவரே அதைக் காப்பாற்றவும் இல்லை. இருபது வருடம் கழித்து எழுதிய ஒரு நாவலில், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த நாயகனை இதே கோனி ஐலண்டில்தான் குடிவைத்தார். மொழியைக் குற்றம் சொன்னாரே தவிர, அவருக்கு இல்லாமல் போனது எதிர்ப்பேச்சு என்று நினைக்கிறேன். ஒன்று சொன்னால் மறுத்துச் சொல்லவும் சிரிக்கவும் அந்த முன்னறையில் ஆள் இருந்தது, சீ கேட் அறையில் யார் இருந்தார்கள்? பிறகு மான்ஹாட்டனில் கிழக்கு பிராட்வே 175ஆம் எண்ணில் இருந்த பத்திரிகை ஆபீஸ் பக்கத்துக் கஃபேட்டேரியா ஆட்கள் கிடைத்தார்கள். காபியும் ரைஸ் புட்டிங்கும் வாங்கி வைத்துக்கொண்டு, நாஜி முகாமிலிருந்து பிழைத்து வந்தவர்களும் வேலையற்ற கவிஞர்களும் மணிக்கணக்கில் வம்பளந்த இடம். மறுபடி கதை கேட்க ஆரம்பித்தார்.

எனக்கு அப்படி வாய்த்தது எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் துணி துவைக்கும் அறை. எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, யித்திஷ் பேசிய பெற்றோருக்குப் பிறந்தவர், மெஷின் சுற்றி முடியும்வரை என்னை விடமாட்டார். ஊரிலிருந்து வந்து யாரிடமும் முழு வாக்கியம் பேசாமல் கிடந்த என்னை முதலில் பேசவைத்தவர் அவர். "நீ கடற்கரைக்குப் போகிறாயே, பார்த்துப் போ" என்று ஆரம்பித்து ஒன்று சொன்னார். ஒரு பாட்டி பேரனைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறாள், ஒரு அலை வந்து பேரனை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பாட்டி வானத்தைப் பார்த்துக் கதறுகிறாள், கெஞ்சுகிறாள், உடனே அடுத்த அலை பேரனைக் கொண்டுவந்து காலடியில் போடுகிறது, ஒரு கீறல் இல்லை. பாட்டி பேரனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வானத்திடம் சொல்கிறாள்: "தொப்பி போட்டிருந்தான்." இது யூதர்களிடம் வெகுகாலமாகப் புழங்கும் பழைய ஜோக் என்று பின்னால் தெரிந்தது. அதனால் என்ன, டிரையரின் மேல் சாய்ந்தபடி முகத்தில் சிரிப்பே இல்லாமல் அவர் சொன்ன விதத்தை யாரும் முன்னால் கேட்டிருக்க முடியாது.

சிங்கரின் அம்மாவும் கடைசித் தம்பியும் போரின்போது சோவியத் ஒன்றியத்தின் உள்பகுதிக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்துபோனார்கள். அண்ணன் 1944இல் மாரடைப்பில் போனார். க்ரோக்மல்னா தெருவில் தெரிந்தவர்களில் பலரை நாஜிகள் கொன்றார்கள். இவ்வளவுக்கும் பிறகு 1978இல் நோபல் விருந்தில் எழுந்து நின்று, ஏன் சாகிற மொழியில் எழுதுகிறீர்கள் என்ற கேள்விக்கு, நான் எழுதுவது பேய்க்கதை, பேய்க்குச் சாகிற மொழியைவிடப் பொருத்தமானது எது என்றார். உயிர்த்தெழும் நாளில் யித்திஷ் பேசும் லட்சக்கணக்கான பிணங்கள் எழுந்து வந்து முதலில் கேட்கப்போவது, புதுசா ஏதாவது யித்திஷ் புத்தகம் வந்திருக்கா என்றுதானாம். அப்பாவின் நம்பிக்கையும் அம்மாவின் சிரிப்பும் ஒரே வாக்கியத்தில்.

வாத்துக் கதையைப் பாட்டியிடம் ஒருநாள் விலாவாரியாகச் சொன்னேன், அப்பாவின் முணுமுணுப்பு உட்பட. போர்வையின் இரண்டு முனையை என் கையில் கொடுத்து மடித்தபடியே முழுதும் கேட்டார். நல்ல கதை என்பதுபோலத் தலையாட்டினார். கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "சரி, ரபி வீட்டுக்கு அவள் ஒரு கால் கறியாவது அனுப்பினாளா?"