ட்ரெய்னர் கைட் ஒருவழியா நேரா பறக்குது: லைன் சமன் பண்ணின அனுபவம்

என்னோட ட்ரெய்னர் கைட் (கரையில நின்னு பழகுற சின்ன இழுவைப் பட்டம்) நேரா பறக்குது. பாரை, அதாவது லைன் கட்டியிருக்கிற பிடிகம்பை, சமமா பிடிச்சா உச்சியில போய் அப்படியே நிக்குது, இடது பக்கம் சாயவே இல்ல. இந்த ஒரே விஷயத்துக்காக கோடை சீசன்ல பெரும்பகுதி போயிடுச்சு, ஆனா இப்ப காரணம் முழுசா புடிபட்டுடுச்சு, அதான் சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன், மூணு லைன் ட்ரெய்னர் வெச்சிருக்கிற வேற யாருக்காவது கண்டிப்பா உதவும்.

என்கிட்ட இருக்கிறது 2.5 சதுர மீட்டர் ஃபாயில் (காத்து நிரம்பி விறைக்கிற துணிக் கைட்), 20 மீட்டர் லைன், பார். ரெண்டு மெயின் லைனும் டைனீமா (மெல்லிசா, ரொம்ப பலமா இருக்கிற செயற்கை நாரு), மூணாவது லைன் கைட்டோட பின் விளிம்புல இருந்து வந்து பார் நடுவுல இருக்கிற ஓட்டை வழியா மணிக்கட்டுப் பட்டைக்குப் போகும். பாரை விட்டுட்டா மெயின் லைன் ரெண்டும் தளர்ந்து கைட் துணி காயப்போட்ட மாதிரி கீழ விழுந்துடும், இழுவையே இருக்காது. முதல் கைட் வாங்குறவங்க ரெண்டு கையிலயும் ஒவ்வொரு பட்டை பிடிக்கிற ரெண்டு லைன் ஸ்ட்ராப் வாங்கலாமா பார் வாங்கலாமான்னு கேப்பாங்க, நான் பார் எடுத்ததுக்குக் காரணம் என்னைக்காவது ராமேஸ்வரம் பக்கம் போய் தண்ணியில கைட்சர்ஃபிங் கத்துக்கணும்னு இருக்கு, கை இப்பவே பாருக்குப் பழகட்டும்னுதான். ஆனா பார்ல ஒண்ணு இருக்கு. ஸ்ட்ராப்ல ரெண்டு லைன் நீளம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் நம்ம கை தானா சரிபண்ணிக்கும், தெரியவே தெரியாது. பார்ல அது நடக்காது, ஒரு சில சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே கைட் ஒரு பக்கமா போகும், நாம பாரை சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும், அரை மணி நேரத்துல ஒரு தோள்பட்டை மட்டும் வலி எடுத்துடும்.

எனக்கு இடது பக்கம். புதுசா வாங்கினப்போ இல்ல, போகப் போக வந்துச்சு. முதல்ல காத்து மேலதான் சந்தேகம், அப்புறம் கைட்டுல காத்து நிரம்புற அறை, அதாவது செல்லுக்குள்ள மணல் ஒரு பக்கமா சேந்திருக்கான்னு ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற வெல்க்ரோவைத் திறந்து உதறினேன், ஒரு கை அளவு மணல் வந்துச்சு, ஆனா சாயறது நிக்கல. சூத்திரத்தை, அதாவது கைட்டையும் லைனையும் சேக்குற கிளை நூலுங்களை, ஒவ்வொண்ணா பாத்தேன், எங்கயும் முடிச்சு விழல, நூல் பிரியல. அப்புறம்தான் செய்ய வேண்டிய சோதனையை செஞ்சேன்: கைட் கிட்ட மட்டும் ரெண்டு லைனையும் கழட்டி இடம் மாத்தி மாட்டுறது. பார் அப்படியே இருக்கணும். இப்படி மாட்டினா ஸ்டியரிங் தலைகீழா ஆயிடும், கொஞ்ச நேரத்துக்குத்தான், காத்து கம்மியா இருக்கும்போது ஆளில்லாத இடத்துல பாக்கலாம். அப்பவும் இடது பக்கமே போச்சுன்னா கோளாறு கைட்லயோ சூத்திரத்துலயோ இருக்கு, பக்கம் மாறிடுச்சுன்னா லைன்லயோ பார்லயோ இருக்கு. எனக்கு மாறிடுச்சு, வலது பக்கம் போக ஆரம்பிச்சுது. அந்த நிமிஷமே பாதி நிம்மதி, ஏன்னா சூத்திரத்துல கோளாறுன்னா அத்தனை கிளை நூலையும் அளந்து பாக்கணும், அது வேற வேலை.

சரி, லைனை சமன் பண்றது எப்படி? எல்லாரும் சொல்ற வழி, ரெண்டு லைனோட ஒரு முனையை ஒரு கம்பத்துல மாட்டு, இன்னொரு பக்கம் போய் பாரைப் பிடிச்சு இழு, பார் சாய்ஞ்சா சின்ன லைன் எதுன்னு தெரியும். தெரியும்தான், ஆனா எவ்வளவுன்னு தெரியாது. ரெண்டையும் சேத்து இழுக்கும்போது சின்ன லைன்தான் முழு பளுவையும் வாங்குது, நீள லைன் சும்மா தொங்குது, சின்னது கொஞ்சம் நீண்டு கொடுக்குது, கை ஒரு பக்கம் அதிகமா இழுக்குது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். நான் இதை ரெண்டு படகுக்கு நடுவுல மாட்டி இழுத்துக்கிட்டு நிக்கிறதை பக்கத்துல வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு அண்ணன் ரொம்ப நேரமா பாத்துக்கிட்டே இருந்தாரு.

“தம்பி, ரெண்டையும் ஒண்ணா இழுத்தா எப்படி தெரியும்? தனித்தனியா ஒரே பளு குடு, அப்பதான தெரியும்”னாரு. 

“பளு எப்படிண்ணே அளக்குறது?”

அவர் எந்திரிச்சுப் போய் மீன் எடை போடுற கொக்கித் தராசை எடுத்துட்டு வந்து கையில கொடுத்தாரு, டிஜிட்டல், 50 கிலோ வரைக்கும் காட்டும். அவ்வளவுதான், பிரச்சினை அங்கயே தீந்துடுச்சு.

செஞ்சது இதுதான். ஒரு முனையை படகு கட்டுற கட்டையில மாட்டிட்டு, இன்னொரு முனையை தராசுக் கொக்கியில போட்டு, ஒரு லைனை மட்டும் 25 கிலோ காட்டுற வரைக்கும் இழுத்து அப்படியே ரெண்டு நிமிஷம் பிடிச்சிருந்தேன். மெயின் லைன் 150 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு, அதனால 25 பயமில்ல. அப்புறம் பளுவைக் குறைச்சு 3 கிலோ காட்டும்போது லைன் முனை எங்க நிக்குதோ அங்க மணல்ல ஒரு ஆணி. அடுத்த லைனுக்கும் அதே 25, அதே ரெண்டு நிமிஷம், அதே 3 கிலோ, இன்னொரு ஆணி. 3 கிலோல அளக்குறது ஏன்னா லைன் தொய்வில்லாம நேரா நிக்கணும், ஆனா நீளவும் கூடாது. வெயில்ல கிடந்த மணல்ல ஆணி நகரும், ஈர மணல்லயே செய்யுங்க, இல்லன்னா ஒரு பலகைக்கட்டை வெச்சு பென்சில்ல கோடு போடுங்க.

ஆரம்பத்துல, இழுக்கிறதுக்கு முன்னாடி அளந்தப்ப, ரெண்டுக்கும் 4 சென்டிமீட்டர் வித்தியாசம். வலது லைன் நீளம், இடது சின்னது, அதான் இடது பக்கம் போயிருக்கு. 25 கிலோ கொடுத்ததுக்கு அப்புறம் இடது நீண்டு வந்து வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்ல நின்னுடுச்சு, வலது கிட்டத்தட்ட நகரவே இல்ல. அதாவது வலது லைன் ஏற்கெனவே நீள வேண்டிய அளவு நீண்டு முடிஞ்சிருக்கு, இடது இன்னும் புதுசாவே இருந்திருக்கு. டைனீமா நாரு நீளுறது ரொம்பக் கம்மி, ஆனா பின்னல் இருக்கே, அது பளு விழ விழ இறுகி உக்காரும், நீளம் கூடும். வலது மட்டும் ஏன்னு யோசிச்சா விடை பீச்சுலயே இருக்கு. நம்ம சென்னைப் பக்கம் மத்தியான கடல்காத்து தென்கிழக்குல இருந்து வருது, காத்துக்கு முதுகு காட்டி நின்னா வலது கை பக்கம் கடல், இடது கை பக்கம் சவுக்குத் தோப்பும் நடமாட்டமும். லூப், அதாவது கைட்டை முழு வட்டமா சுத்த விடுறது எல்லாம் ஆளில்லாத கடல் பக்கம்தான் போட முடியும், வலது லூப்பா போட்டுட்டு லைன் முறுக்கை கடைசியில பாரைத் திருப்பி அவுத்துக்கிட்டிருந்தேன். பளு முழுக்க வலது லைன்லயே விழுந்திருக்கு. இப்ப வலது எத்தனையோ அத்தனை இடதும் போட்டுடறேன், முறுக்கும் தானா அவுந்துடுது.

மிச்சம் இருந்த ஒன்றரை சென்டிமீட்டருக்குத்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, ஸ்லீவ். டைனீமால நேரடியா முடிச்சு போடக்கூடாது, தெரிஞ்சதுதான், வழுக்கும், முடிச்சு போட்ட இடத்துல பலம் பாதிக்கும் கீழ இறங்கிடும். மேல பாலியஸ்டர் உறை போட்டுத்தான் முடிச்சு. அந்த உறை தனியா இங்க எங்கயும் கிடைக்கல, வெளிநாட்டுல ஆர்டர் போட்டா கொரியர் காசு உறை விலையை விட பல மடங்கு வருது, அது நியாயமே இல்ல. பாரிமுனையில கயித்துக்கடைத் தெருவுல சுத்தினதுல 2 மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் கயிறு கிடைச்சுது, ஒரு சாண் வெட்டி உள்ள இருக்கிற நூலை உருவிட்டா மேல்தோல் மட்டும் உள்ள ஓட்டையோட நிக்கும், அதான் நமக்கு வேண்டிய உறை. வெட்டின முனையை லைட்டர்ல லேசா காட்டி நாரு பிரியாம பண்ணிக்கணும், ஆனா டைனீமா கிட்ட நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது, 150 டிகிரிக்குப் பக்கத்துலயே உருகிடும். மெல்லிசு செம்புக் கம்பியை ரெண்டா மடிச்சு உறைக்குள்ள விட்டு, மடிப்புல லைனை மாட்டி, உறையைச் சுருக்கிச் சுருக்கி இழுத்தா லைன் வழுக்கிக்கிட்டு வந்துடும். லைன் முனை உறையைத் தாண்டி கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கிறப்போ ரெண்டையும் சேத்து ஒரு முடிச்சு, அப்புறம் மடிச்சு ஒரு வளையம். முடிச்சை இறுக்குறதுக்கு முன்னாடி தண்ணியில நனைச்சுக்கோங்க, நல்லா உக்காரும். அப்புறம் மறுபடி 25 கிலோ, மறுபடி ஆணி. கடைசியில ரெண்டு ஆணியும் ஒரே இடத்துல.

இங்கயே முடிஞ்சிருக்கணும், முடியல. அடுத்த நாள் தூக்கினா கைட் நேரா போகுது, ஆனா சோம்பலா போகுது, உச்சியில நிக்கும்போது பின்னாடி உக்காரப் பாக்குது. கீழ இருந்து கண்ணை இடுக்கிப் பாத்தா பின் விளிம்பு நடுவுல ஒரு சின்ன மடிப்பு. மூணாவது லைன்! மெயின் ரெண்டும் நீண்டுடுச்சு, மூணாவதுக்கு பளுவே விழறதில்ல, அது வாங்கின நீளத்துலயே இருக்கு, அதனால ஒப்பிட்டுப் பாத்தா அது குட்டையாயிடுச்சு, பறக்கும்போது சதா பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கு. மூணாவது லைன் பறக்கும்போது காத்துல லேசா வளைஞ்சு தொய்வா தெரியணும், அதுதான் அடையாளம். அதே பாரிமுனைக் கயித்துல பத்து சென்டிமீட்டர் துண்டு ஒண்ணு இடையில சேத்தேன். மடிப்பு போயிடுச்சு, கைட்டுக்கு உயிர் வந்துடுச்சு. சத்தியமா சொல்றேன், கைட்டை வானத்துல எட்டு வடிவத்துல ஓட்டின அந்த முதல் தடவை குதிகால் மணல்ல ரெண்டு கோடு கிழிச்சுக்கிட்டே முன்னாடி போச்சு, அப்படி ஒரு சந்தோஷம். பாரை விட்டா விழுதான்னு மறுபடி பாத்துக்கிட்டேன், ரொம்ப நீளமா விட்டாலும் பாதுகாப்பு போயிடும்ல.

காத்தைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், புதுசா வர்றவங்க 2.5 மீட்டர்தானேன்னு நினைக்கிறாங்க. இழுவை காத்து வேகத்தோட வர்க்கத்துல ஏறும், மணிக்கு 10 கிலோமீட்டர்ல இருக்கிறது 20 ஆனா இழுவை நாலு மடங்கு. அதுவும் உச்சியில சும்மா நிக்கிற கைட் வேற, காத்து ஜன்னலுக்கு (நமக்கு முன்னாடி கைட் பறக்கக்கூடிய பரப்பு) நடுவுல பாய்ஞ்சு வர்ற கைட் வேற, தன் வேகத்துலயே அது இன்னும் காத்தை உண்டாக்கிக்கும். எனக்கு 15லேர்ந்து 20க்குள்ள இருந்தா போதும், 25 காட்டினா பையைத் திறக்கிறதே இல்ல. மே மாசம் மத்தியானத்துக்கு மேல வர்ற கடல்காத்து சுத்தமான காத்து, கடல் மேல தடையே இல்லாம வருது. ஜூன் ஜூலைல மேற்குல இருந்து வர்ற மேல்காத்து பலமா இருந்தா கடல்காத்து லேட்டாத்தான் உள்ள வரும், சில நாள் வரவே வராது. அந்த மேல்காத்துல தூக்காதீங்க, தோப்பையும் கட்டடத்தையும் தாண்டி வர்றதால உடைஞ்சு உடைஞ்சு வருது, கைட் திடீர்னு சுருங்கும், திடீர்னு இழுக்கும். ஐப்பசிக்கு மேல வாடை ஆரம்பிச்சா வடகிழக்குல இருந்து வரும், அப்ப கடல் இடது கை பக்கம் மாறிடும், லூப்பும் பக்கம் மாறும்.

பீச்சுல தினமும் யாராவது வந்து கேக்குறது, “இது மாஞ்சாவா?” கேக்குறதுல தப்பே இல்ல, சென்னையில மாஞ்சா நூல் கழுத்தறுத்து குழந்தைங்க உயிரே போயிருக்கு, 2017ல பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்க தடை போட்டும் இன்னும் திருட்டுத்தனமா விக்கிறாங்க, எனக்கு அதை நினைச்சாலே ஆத்திரம் வருது. கேக்குறவங்க கையில லைனைக் கொடுத்து தடவிப் பாக்கச் சொல்லிடறேன், கண்ணாடித்தூள் கிடையாது, வழுவழுன்னு இருக்கும். அதுக்காக இது ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லவே மாட்டேன், விறைப்பா இருக்கிற டைனீமா குறுக்க வர்ற ஆளை அறுக்கும். காத்து போற பக்கம் ஐம்பது மீட்டருக்கு யாரும் இருக்கக்கூடாது, பசங்க ஓடி வந்தா பாரை விட்டுட வேண்டியதுதான், மூணாவது லைன் அதுக்குத்தான் இருக்கு.

2022ல மாமல்லபுரத்துல சர்வதேச பட்டம் விழா ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நம்ம ஊர்ல பெரிய பட்டம் பாக்குற பழக்கம் வந்திருக்கு, ஆனா அங்க கூட்டம் கூடுறதெல்லாம் ஒத்தை லைன் காட்சிப் பட்டத்துக்கு, இழுவைக் கைட் பக்கம் இன்னும் ஆள் வரணும். நிறைய பேர் அடுத்து பக்கி (கைட் இழுத்துக்கிட்டுப் போற சின்ன மூணு சக்கர வண்டி) வாங்கலாமான்னு கேக்குறாங்க. சென்னைக் கடற்கரைக்கு அது ஒத்துவராதுங்கிறது என் கருத்து. பெல்ஜியம், டென்மார்க் பக்கமெல்லாம் கடல் ரொம்ப தூரம் உள்வாங்கி இறுகின மணல் பரந்து கிடக்கும், இங்க ஏத்த இறக்கம் கம்மி, கரை சரிவு வேற, இறுகின மணல் ஒரு பட்டை அளவுக்குத்தான் கிடைக்குது. தனுஷ்கோடி பக்கம் தட்டையா இருக்கு, டிசம்பருக்கு மேல வாடையில ஒரு தடவை போய் தரை எப்படின்னு பாத்துட்டு வரணும், பக்கியை விட லேண்ட்போர்டு (சக்கரம் வெச்ச, நின்னு ஓட்டுற பலகை) தூக்கிட்டுப் போக வசதி.

அடுத்த கைட் நாலு லைன்ல 3 மீட்டர் எடுக்கலாம்னு இருக்கேன், பீட்டர் லின், ஓசோன் ரெண்டு கம்பெனி கைட்டையும் பாத்துக்கிட்டிருக்கேன், பழசா நல்ல நிலைமையில யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, சூத்திரம் மாத்தாததா இருந்தா நல்லது. அதுக்கு முன்னாடி இந்தக் கைட்லயே ரிவர்ஸ் லாஞ்ச் பாக்கி. மூக்கு மணல்ல குத்தி விழுந்தா மூணாவது லைனை இழுத்து பின்பக்கமா தூக்கித் திருப்பணும், நல்ல காத்துல வருது, 12க்குக் கீழ இறங்கினா பாதி எழும்பி மறுபடி குப்புற விழுது. மூணாவது லைன்ல நான் சேத்த பத்து சென்டிமீட்டர் இதுக்குக் கொஞ்சம் அதிகமோன்னு தோணுது, ஏழுக்குக் குறைச்சுப் பாக்கப்போறேன், துண்டு ரெண்டு வெட்டி வெச்சாச்சு.