வேலூர் வெயிலில் சிங்கிள் மால்ட்

சிங்கிள் மால்ட் விஸ்கியை அறை வெப்பநிலையில்தான் குடிக்க வேண்டும் என்று விஸ்கி பிரியர்கள் சொல்வார்கள். ஸ்காட்லாந்துக்கு அது சரி. மே மாதத்து வேலூரில், பகலெல்லாம் 41, 42 டிகிரி அடித்து, ராத்திரி ஒன்பது மணிக்கும் மாடி வீட்டுச் சுவர் சுடுகிற நேரத்தில் அப்படியே ஊற்றி மோந்தால் முதலில் ஏறுவது ஆல்கஹால் நெடிதான். மூக்கு எரியும், வேறு எதுவும் தெரியாது. பலர் ‘இதுக்கா இவ்வளவு காசு?’ என்று சோடாவை நிரப்பிவிடுவது இங்கேதான், எனக்கு மனசு வலிக்கும்.

ஏனென்றால் சிங்கிள் மால்ட்டில் பாதிக்கு மேல் மணம்தான். ஒரே வடிசாலை, முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான் பொருள்கள், ஆனால் அதிலிருந்து எத்தனை வாசனைகள்! ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் பார்லியை பீட் புகையில் உலர்த்துவார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்கி இறுகியது. அந்தப் புகையின் ஃபீனால்கள் என்ற வாசனைப் பொருள்கள் தானியத்தில் ஒட்டிக்கொண்டால், காய்ச்சி வடித்து வருடக்கணக்கில் பீப்பாயில் கிடந்த பிறகும் போவதில்லை. ஐலாவின் லஃப்ராய்க் விஸ்கியை முதல்முறை மோந்த நண்பர், ‘என்னப்பா, ஆஸ்பத்திரி வராண்டா வாசனை வருது’ என்றார். ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊர்க்காரர், மூக்கு தப்பவில்லை: கிருமிநாசினியில் இருக்கும் கிரெசால் பீட் புகையிலும் உண்டு.

வாழைப்பழ, பேரிக்காய் வாசனை, ஊறல் புளிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற மணப்பொருள்களால் வருவது. மற்றதில் பெரும்பகுதி பீப்பாயின் கைவண்ணம். அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டு விஸ்கியான போர்பனுக்கு, உட்புறம் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாய் வேண்டும், அதனால் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. வெனிலாவும் தேங்காயும் அந்த மரத்திலிருந்து வருபவை. ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் கிடந்த பீப்பாய் என்றால் உலர்திராட்சை, அத்தி, கிராம்பு. ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்த கிளென்ஃபார்க்ளாஸ் விஸ்கியை மோந்தால், ஆற்காடு மக்கன் பேடாவைப் பிட்டதும் பாகோடு உள்ளிருக்கும் உலர்பழங்கள் மணக்குமே, எனக்கு அதுதான்.

சரி, நம்ம ஊர்ச் சூட்டில் இதையெல்லாம் எப்படிப் பிடிப்பது? பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், சில்லென்று ஆகக்கூடாது, 20 டிகிரி பக்கம் வந்தால் போதும். ஐஸ் போட்டால் ஆல்கஹாலோடு மணமும் அடங்கிவிடும். அடி பருத்து வாய் குறுகிய கிளாஸில் ஊற்றி, வாயை லேசாகத் திறந்தபடி மோந்து பாருங்கள். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர். இது வெறும் சம்பிரதாயம் இல்லை: 2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தபோது, நீர் சேர்ந்த கலவையில் புகைமணம் தரும் குவாயகால் மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு வருவது தெரிந்தது. மேலே வந்தால்தானே மூக்குக்கு எட்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் பெங்களூர் சிங்கிள் மால்ட்டான அம்ருத் ஃபியூஷனைத்தான் சொல்வேன், பக்கத்து ஊர் என்பதற்காக அல்ல. ஸ்காட்லாந்துப் பீப்பாயில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும் என்றால் பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல் போகிறது, அந்தச் சூட்டில் மரத்தின் சாரமும் சீக்கிரம் இறங்கிவிடுகிறது, சில வருடத்திலேயே ஆழமான மணம். ஃபியூஷன் நம் பார்லியும் ஸ்காட்லாந்தின் பீட் பார்லியும் சேர்ந்தது; 50 சதவீத ஆல்கஹால், அதனால் தண்ணீர் தாராளமாகத் தாங்கும்.

ஆம்பூர் பிரியாணி வருவதற்கு முன்பே குடித்து முடித்துவிடுங்கள், பட்டையும் புதினாவும் அறைக்குள் வந்துவிட்டால் வேறு எந்த வாசனைக்கும் இடமில்லை. மிச்சம் இருக்கும் பாட்டிலை வெயில் படாத அலமாரியில் நிற்க வையுங்கள், ஒயின் போலப் படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.